தூக்கி இறக்குவதில்தான் செலவு: பயன்படுத்திய அணு எரிபொருளை வைப்பதும் கொண்டுபோவதும்

செம்பூர், மான்குர்து, அணுசக்தி நகர் பக்கம் குடியிருக்கும் தமிழர்களிடையே அவ்வப்போது எழும் கேள்வி இது: "ரியாக்டர்ல எரிஞ்ச எரிபொருளை ரோட்டுலயே கொண்டு போறாங்களாமே, வழியில வெடிச்சா?" கேள்வி நியாயமானதுதான், ஆனால் கவலை விழும் இடம் சரியில்லை. அந்தப் பொருள் மிகக் கெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கும் நேரமே சாலையில் போகும் நேரம்தான். வில்லங்கம் வருவதெல்லாம் இரண்டு முனைகளில்: தண்ணீரிலிருந்து தூக்கும்போது, உலர்த்தும்போது, மூடி போடும்போது, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி திறக்கும்போது. பணம் கரைவதும் அங்கேதான். எரிபொருளை எவ்வளவு காலம் ஆறவிட்டோம், அதன்பின் எத்தனை தடவை கை வைத்தோம் என்ற இரண்டு கணக்கும் தெரிந்தால் பாதுகாப்பும் பட்ஜெட்டும் பெருமளவு விளங்கிவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நம் நாட்டில் அதிகம் ஓடும் 220 மெகாவாட் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலையில் எரிபொருள் என்பது ஒரு பண்டில். அரை மீட்டர் நீளம், 8 செ.மீ. சொச்சம் விட்டம், 19 ஜிர்கலாய் (ஜிர்கோனியக் கலப்புலோகம்) குழாய்களை முனைத்தகடுகளில் பற்றவைத்த கட்டு. எடை 16 கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே இருப்பது செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தின் ஆக்சைடு வில்லைகள். புதுப் பண்டிலைக் கையுறை போட்டுக்கொண்டு ஒருவர் தூக்கி மேஜையில் வைக்கலாம். உலைக்குள் போய் வந்த பிறகு அதே பண்டில் தடுப்பு இல்லாமல் இருக்கும் அறைக்குள் யாரும் நுழைய முடியாது. உலைக்குள் 306 குழல்கள், குழலுக்கு 12 பண்டில், ஆக 3,672. உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் புதியதைத் தள்ள, மறுபக்கம் பழையது வெளியே வரும். முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 பண்டில், ஆண்டுக்கு 2,500 அளவில் சேரும். தாராப்பூரின் 3, 4ஆம் அலகுகள் பெரியவை. அங்கே 392 குழல், குழலுக்கு 13, பண்டிலுக்கு 37 குழாய்கள்.

வெடிக்குமா என்ற கேள்விக்கு இங்கேயே பாதி பதில் இருக்கிறது. இயற்கை யுரேனியத்தைச் சாதாரணத் தண்ணீரில் எப்படி அடுக்கினாலும் தொடர்வினை பற்றிக்கொள்ளாது. அதற்குக் கனநீர் வேண்டும், துல்லியமான இடைவெளி வேண்டும். அதனால் கனநீர் உலை எரிபொருளைப் பூலில், அதாவது ஆறவைக்கும் குளத்தில், நெருக்கி அடுக்கலாம், நியூட்ரானை விழுங்கும் போரான் தகடு தேவையில்லை. கூடங்குளம் போன்ற உலைகளின் செறிவூட்டிய எரிபொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே அடுக்கின் இடைவெளி, நியூட்ரானை விழுங்கும் போரான், தண்ணீரின் போரான் அளவு எல்லாவற்றையும் கணக்கிட்டு நிரூபித்தாக வேண்டும். பூலின் விலையிலும், எரிபொருளை வைத்துக் கொண்டுபோகும் தடித்த கலமான காஸ்க்கின் விலையிலும் இது தெரியும்.

இருப்பினும் தொடர்வினை நின்றுவிட்டது என்பதால் சூடு நின்றுவிடாது. உலையை நிறுத்திய நொடியில் வெப்பத்திறனில் 6 முதல் 7 சதவீதம் எஞ்சியிருக்கும், ஒரு நாளில் அரை சதவீத அளவுக்கு இறங்கும். பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். செறிவூட்டிய எரிபொருளில் ஒரு டன் யுரேனியத்துக்கு ஓராண்டு கழித்து 10 கிலோவாட் சுற்று, 5 ஆண்டில் 2 சொச்சம், 10 ஆண்டில் 1 கிலோவாட்டுக்குச் சற்று மேல். கனநீர் உலைப் பண்டில் இதைவிட மிகக் குறைவாக எரிக்கப்பட்டது. 10 ஆண்டு ஆறினால் ஒரு பண்டில் தருவது 5 வாட்டுக்கும் கீழே, வீட்டு இரவு விளக்கு அளவு. அதன் கதிர்வீச்சு மட்டும் அந்த அளவுக்கு இறங்குவதில்லை.

தண்ணீரில் கிடக்கும் காலம்

ஆறவிடும் இடம் ஆழமான குளம், பேச்சு வழக்கில் பூல். தண்ணீர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: சூட்டை வாங்கிக்கொள்கிறது, கதிரைத் தடுக்கிறது. அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் காமாக் கதிரைப் பத்தில் ஒன்றாக்கிவிடும். எரிபொருளுக்கு மேலே பல மீட்டர் தண்ணீர் நிற்பதால் கரையில் ஆள் நின்று வேலை பார்க்கலாம். சுவருக்கு துருப்பிடிக்காத எஃகு உறை, அந்த உறையின் பற்றவைப்புகளுக்குப் பின்னால் கசிவைப் பிடித்துக் காட்டும் சிறு வாய்க்கால்கள். எரிபொருளின் தலைமட்டத்துக்குக் கீழே சுவரில் எந்தக் குழாயும் துளைத்துப் போகக் கூடாது. மேலிருந்து உள்ளே இறங்கும் குழாய்களிலும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டிருப்பார்கள். வெளியே குழாய் உடைந்து சைஃபன் பிடித்தால், மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் தானாக நின்றுவிடும். சுண்டுவிரல் அளவு துளை என்று நினைத்து வரைபடத்தில் விட்டுவிட்டால் பூலே காலியாகலாம்.

குளிர்விப்பு நின்றால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? 1,000 கன மீட்டர் தண்ணீர், 1 மெகாவாட் வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மணிக்கு 0.9 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். 40 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏறக்குறைய 70 மணி நேரம். அதன்பின் நாளொன்றுக்கு 38 டன் அளவு ஆவியாகும். ஆகவே வேண்டியது நொடியில் இயங்கும் எந்திரம் என்பதைவிட, மூன்று நாளைக்குள் வந்து சேரும் ஒரு தீயணைப்புக் குழாயும் தண்ணீர் மட்டத்தை நம்பகமாகக் காட்டும் மீட்டரும்தான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் இந்த மீட்டர் சரியாக இல்லாததுதான் உலகத்தையே கலங்கடித்தது. நான்காம் அலகின் பூலில் 1,535 எரிபொருள் தொகுதிகள் இருந்தன. தண்ணீர் வற்றிவிட்டதோ என்று பல நாள் அஞ்சினார்கள், வற்றவில்லை என்பது பிறகுதான் உறுதியானது. அதே வளாகத்தில் 9 உலர் காஸ்க்குகளில் 408 தொகுதிகள் இருந்தன. கட்டடத்துக்குள் கடல்நீர் புகுந்து வடிந்தது. மின்சாரம், பம்ப் எதையும் நம்பாத காஸ்க்குகள் அப்படியே நின்றன. இந்தச் செய்திக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

பூலில் நாள்தோறும் நடப்பது தண்ணீர்ப் பராமரிப்பு: வடிகட்டி, அயனிப் பரிமாற்றப் பிசின், குளோரைடு அளவு, கடத்துதிறன். ஜிர்கலாய் உறை இந்தத் தண்ணீரில் பல பத்தாண்டுகள் தாங்கும். உலோக யுரேனியம் தாங்காது. உறையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் யுரேனியத்தைத் தின்று சேறாக்கும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் கே-பூல்களில் சுமார் 2,100 டன் உலோக எரிபொருளைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டார்கள். எரிபொருளை 2004க்குள் எடுத்துவிட்டாலும், அடியில் படிந்த கதிரியக்கச் சேற்றை எடுத்து முடிக்க 2019 ஆயிற்று. ஆறவிடுவது சிக்கனம் என்பது ஆக்சைடுக்கும் ஜிர்கலாய்க்கும் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

தாராப்பூரில் ஏன் குவிந்தது

போயிசர் ரயில் நிலையத்தில் இறங்கிப் போகும் தாராப்பூரில் 1, 2ஆம் அலகுகள் 1969 அக்டோபரில் வணிக ஓட்டத்தைத் தொடங்கின. இரண்டும் அமெரிக்க வடிவமைப்புக் கொதிநீர் உலைகள், ஒவ்வொன்றிலும் 284 எரிபொருள் தொகுதிகள். எரிபொருள் செறிவூட்டியது, வெளிநாட்டிலிருந்து வந்தது. 1963 ஒப்பந்தப்படி அதை மறுபதப்படுத்த, அதாவது கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க, இரு நாடுகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் உறவு கசந்தது, அந்தக் கூட்டு முடிவு வரவே இல்லை. பக்கத்திலேயே மறுபதப்படுத்தும் ஆலை இருந்தும் எரிபொருள் பூலிலேயே கிடந்தது. முதலில் அடுக்குகளை நெருக்கினார்கள், பிறகு உலைக்கு வெளியே தனிப் பூல் கட்டினார்கள், ஆறிய தொகுதிகளுக்கு உலர் காஸ்க்குகளும் வந்தன. கனநீர் உலை எரிபொருளுக்குக் கதை வேறு. அதைக் கழிவு என்று நம் அணுசக்தித் துறை கணக்கெழுதுவதே இல்லை. புளூட்டோனியம் எடுக்கும் மூலப்பொருள் அது. டிராம்பேயில் 1964இலேயே தொடங்கிய வேலை தாராப்பூருக்கும் கல்பாக்கத்துக்கும் விரிந்தது. இந்தக் கொள்கையினால்தான் நமக்குப் போக்குவரத்து கட்டாயமாகிறது. உலை ஓர் ஊர், ஆலை வேறோர் ஊர்.

கொள்கை சரியா என்பது தனி விவாதம். ஆனால் அதன் ஒரு விளைவைச் சொல்ல வேண்டும்: மறுபதப்படுத்தல் தாமதமானால் இடைக்காலச் சேமிப்பு தானாக நீண்டகாலச் சேமிப்பாகிவிடும். இடைக்காலம் என்று நினைத்துக் கட்டியதில் நீண்டகாலத்துக்கான கண்காணிப்பு வசதி இருக்காது. பாதிச் செலவு பிறகு இந்தக் குறையைச் சரிக்கட்டவே போகும்.

உலர்த்துதல் என்ற நுட்பம்

பூலிலிருந்து காஸ்க்குக்கு மாற்றும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். காஸ்க் பூலுக்குள் இறங்கும், தண்ணீருக்கு அடியிலேயே எரிபொருளை அடுக்குவார்கள், அடியிலேயே மூடி உட்காரும். பிறகு கிரேன் அதை மேலே கொண்டுவரும். முழு எடை 100 டன்னைத் தொடும். இந்த நேரத்தில் காஸ்க்கின் இரு முனைகளிலும் அதிர்ச்சி தாங்கிகள் இருக்காது. அவை சாலைக்குப் புறப்படும் முன்தான் மாட்டப்படும். அதனால்தான் கட்டடத்துக்குள் எத்தனை மீட்டருக்கு மேல் தூக்கக் கூடாது, எந்தப் பாதையில் மட்டும் நகர்த்தலாம் என்று கறாராக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு கம்பி அறுந்தாலும், ஒரு பிரேக் போனாலும் சுமை விழாத இரட்டை ஏற்பாடு கிரேனில் வேண்டும். பழைய உலைகளில் கிரேனின் திறன்தான் காஸ்க்கின் அளவையே முடிவுசெய்கிறது. பெரிய காஸ்க் டன்னுக்கு மலிவு, ஆனால் கிரேன் தூக்காது என்றால் பேச்சே இல்லை.

அடுத்து தண்ணீரை வடித்து வெற்றிடப் பம்ப் போடுவார்கள். கேட்க எளிது. அழுத்தத்தை ஒரே மூச்சில் இறக்கினால் எஞ்சிய தண்ணீர் வேகமாக ஆவியாகி, அந்த ஆவியாதலிலேயே குளிர்ந்து பனிக்கட்டியாக உறையும். வடிகுழாயில் பனி அடைத்துக்கொண்டால் மீட்டர் நல்ல வெற்றிடம் என்று காட்டும், உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும். இதனால் படிப்படியாக இறக்கி, இடையிடையே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பரவலாகப் பின்பற்றும் அளவுகோல் இது: 3 டார் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) அழுத்தத்துக்குக் கீழே கொண்டுபோய், பம்பைத் துண்டித்து, 30 நிமிடம் பார்க்க வேண்டும். அழுத்தம் 3ஐத் தாண்டி ஏறினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பாதி நனைந்த துணியைப் பீரோவில் மடித்து வைத்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கும், ஆனால் இங்கே ஈரம் கதிர்வீச்சில் உடைந்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விடும், உலோகத்தையும் அரிக்கும்.

வெற்றிடத்தில் வெப்பம் கடத்த வாயு கிடையாது, ஆகவே உலர்த்தும் மணிநேரங்களில்தான் எரிபொருள் உறை மிகவும் சூடாகும். 400 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் உறையில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் ஆறும்போது குறுக்குவாட்டில் படிந்து உறையை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். உலர்ந்ததும் ஹீலியம் நிரப்புவார்கள். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், எதனோடும் வினைபுரியாது, கசிந்தால் கருவி உடனே மோப்பம் பிடிக்கும். இரட்டை மூடிக் காஸ்க்கில் இரு மூடிகளுக்கும் நடுவே அழுத்தம் கூட்டிய ஹீலியம் நிற்கும். அந்த அழுத்தம் குறைந்தால் மூடியைக் கசியாமல் அடைக்கும் ஏதோ ஒரு உலோக வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள்; உள்ளிருக்கும் வாயு வெளியே வரும் முன்பே தகவல் கிடைத்துவிடும்.

குளிர்விப்பைச் சரியாகக் கணக்கிடாமல் எரிபொருளைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2003 ஏப்ரலில் ஹங்கேரியின் பக்ஷ் நிலையம் சாட்சி. 30 தொகுதிகளை ஒரு சுத்திகரிப்புத் தொட்டியில் வைத்தார்கள். கழுவி முடித்ததும் பெரிய பம்ப் நின்று, சிறிய பம்ப் ஓடியது. அதன் ஓட்டம் போதவில்லை, மேல்பகுதியில் நீராவி கட்டியது, எரிபொருள் பல மணி நேரம் காய்ந்தது. மூடியைத் திறந்தபோது குளிர்ந்த தண்ணீர் பாய்ந்து காய்ந்த உறைகள் நொறுங்கின. உலையில் ஒன்றுமில்லை, பூலில் ஒன்றுமில்லை. இடையில் கை வைத்த இடத்தில் விபத்து.

கடற்காற்று

நம் உலைகள் பல கடலோரத்தில் இருப்பதால் ஒரு தனிக் கவலை உண்டு. பல நாடுகளில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கலத்தில் எரிபொருளைப் பற்றவைத்து, அதைக் காற்றோட்டமுள்ள கான்கிரீட் கூட்டுக்குள் நிறுத்துகிறார்கள். கடற்காற்றின் உப்பு அதன் மேல் படியும். கலம் நல்ல சூட்டில் இருக்கும் வரை உப்பு காய்ந்த தூள்தான். ஆண்டுகள் போய்ச் சூடு தணிந்ததும், ஈரமான பருவத்தில் அந்த உப்பு காற்றின் நீரை உறிஞ்சி உப்புநீர்ப் படலமாகும். பற்றவைப்பின் ஓரத்தில் உறைந்து கிடக்கும் இழுவிசையும் சேர்ந்தால் விரிசல் ஊரத் தொடங்கும். எரிபொருள் ஆற ஆற எல்லாம் நல்லதாகும் என்ற பொது நம்பிக்கைக்கு இங்கே விதிவிலக்கு. கொங்கண் கரையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தடிச்சுவர் உலோகக் காஸ்க் விலை கூடுதல்தான், ஆனால் இந்த நோய்க்கு அது அவ்வளவாக இடம்கொடுப்பதில்லை. மெல்லிய கலம் என்றால் கலவையைச் சரியாகத் தேர்ந்து, பற்றவைப்பின் இழுவிசையைத் தணித்து, பார்வையிடக் கேமரா போகும் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

சாலையில்

போக்குவரத்துக் காஸ்க்குக்கான விதிகள் சர்வதேச அணுசக்தி முகமையுடையவை. அணுசக்தி நகரில் தலைமையகம் உள்ள நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி.யின் விதிகளும் அவற்றை ஒட்டியவை. வளையாத தளத்தின் மேல் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டின் மேல் 1 மீட்டரிலிருந்து விழ வேண்டும். பிறகு அதே காஸ்க் 800 டிகிரி தீயில் 30 நிமிடம் நிற்க வேண்டும். தண்ணீரில் மூழ்கும் சோதனை தனி. 9 மீட்டர் என்பது சின்ன உயரமாகப் படும். வளையாத தளம் என்பதுதான் இதில் சூட்சுமம். நிஜச் சாலை, பாலம், லாரி எல்லாமே நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். சோதனைத் தளம் எதையும் வாங்காது, முழு அடியும் காஸ்க்குக்கே. 1984 ஜூலையில் பிரிட்டனில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஒரு ரயிலையே காஸ்க்கின் மேல் மோதவிட்டுக் காட்டினார்கள். எஞ்சின் சிதைந்தது, காஸ்க் உள்ளழுத்தத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருந்தது. முனைகளில் மாட்டும் அதிர்ச்சி தாங்கிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது மரம், பால்சாவும் ரெட்வுட்டும். நசுங்கும்போது ஆற்றலை ஒரே சீராக விழுங்குவதில் மரத்தை மிஞ்சுவது கடினம்.

தீயில் முதலில் போவது சுவர் கிடையாது, மூடியின் ரப்பர் வளையம். அதனால் வளையம் இருக்கும் இடம் தீயிலிருந்து எவ்வளவு உள்ளடங்கியிருக்கிறது என்பதையே ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பார்கள். ஈயத் தடுப்புள்ள காஸ்க்கில் இன்னொன்று: ஈயம் 327 டிகிரியில் உருகும், பலமாக விழுந்தால் சரிந்து மேலே இடைவெளி விடும். ஓட்டத்தின்போது வாகனத்திலிருந்து 2 மீட்டரில் மணிக்கு 0.1 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) என்பது உச்சவரம்பு. நடைமுறையில் அதற்கும் கீழே இருக்கும்படிதான் ஏற்றுவார்கள்.

போக்குவரத்தை உலகளவில் ஒருமுறை முடக்கியது விபத்து கிடையாது, வியர்வை. பூலில் மூழ்கும்போது காஸ்க்கின் வெளிப்பரப்பின் நுண்துளைகளில் கதிரியக்க அயனிகள் ஒட்டிக்கொள்ளும். துடைத்து அளந்தால் சுத்தம். வழியில் வெயிலும் ஈரமும் பட்டால் மெல்ல வெளியே கசிந்து, சேருமிடத்தில் அளக்கும்போது சதுர செ.மீ.க்கு 4 பெக்கெரல் (கதிரியக்க அலகு) என்ற வரம்பைத் தாண்டியிருக்கும். ஐரோப்பாவில் 1998இல் இது வெளியே வந்தபோது உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் தெரிந்தும் சொல்லவில்லை என்ற கோபத்தில் ஜெர்மனி போக்குவரத்தையே நிறுத்தியது, மீண்டும் தொடங்க 2001 ஆயிற்று. பூலில் இறக்கும் முன் காஸ்க்குக்கு ஒரு பாவாடை உறை மாட்டி, இடையில் சுத்த நீர் நிரப்பினால் இது பெருமளவு தவிர்க்கப்படும். அதற்கு ஆகும் செலவை மூன்றாண்டு நிறுத்தத்தின் செலவோடு ஒப்பிடவே முடியாது.

பணக் கணக்கு

100 டன் காஸ்க்கில் எரிபொருள் 10 டன் சுற்றுதான். மீதியெல்லாம் இரும்பும் ஈயமும். ஆக ஒவ்வொரு பயணத்திலும் நாம் பெரும்பாலும் தடுப்பைத்தான் சுமந்து செல்கிறோம், பல அச்சு ட்ரெய்லரும் பாலங்களின் தாங்குதிறன் ஆய்வும் அந்தத் தடுப்புக்காகத்தான். இன்னும் சில ஆண்டு ஆறவிட்டால் அதே காஸ்க்கில் கூடுதலாக ஏற்றலாம், பயணம் குறையும். கனநீர் உலையில் இந்த யோசனைக்கு வலு அதிகம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது வெளியேற்றும் எரிபொருள் எடையில் ஆறேழு மடங்கு கூடுதல். ஆனால் டன்னுக்குச் சூடு குறைவு, தொடர்வினைக் கவலை இல்லை. எனவே எளிமையான, பெரிய, நிறையக் கொள்ளும் கலன்கள் போதும். கனடாவில் ஒரு கான்கிரீட் கலத்தில் 384 பண்டில் வைப்பது இந்தக் கணக்கில்தான்.

பூல் என்றால் முழுதும் முதல் நாளே கட்ட வேண்டும், பத்தாண்டு பாதி காலியாகக் கிடந்தாலும். பிறகு பம்ப், பிசின், ஷிப்ட் ஆட்கள் என்று ஆண்டுதோறும் ஓடும் செலவு. காஸ்க் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம். 8 சதவீத வட்டியில் பார்த்தால் பத்தாண்டு தள்ளிப்போடும் 100 ரூபாய்ச் செலவின் இன்றைய மதிப்பு 46 ரூபாய். இதனால் முதல் சில ஆண்டுகள் பூல், அதன்பின் உலர் சேமிப்பு என்ற வரிசைதான் பெரும்பாலும் மலிவு. சேமிப்புக்கு ஒரு கலம், போக்குவரத்துக்கு வேறொன்று என்று வைத்தால் மட்டும் இந்த லாபம் கரைந்துவிடும். இடையில் ஒரு முழுத் திறப்பு, ஒரு மாற்றம், ஒரு மறு உலர்த்தல் நுழையும். ஆட்களுக்குக் கதிர்வீச்சு டோஸ் ஏறும், கிரேன் நேரம் போகும். இரண்டுக்கும் உரிமம் பெற்ற ஒரே காஸ்க் வாங்கும்போது விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கடைசியில் அதுவே சிக்கனம்.

மும்பையில் இருக்கும் நெல்லை, குமரிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. கூடங்குளத்தின் எரிபொருள் ரஷ்யாவுக்கே திரும்பும் என்றிருந்த 1988 ஏற்பாடு 1998இல் மாறியது, பயன்படுத்திய எரிபொருள் இந்தியாவிலேயே தங்குகிறது. உலைக்கு வெளியே சேமிப்பு நிலையம் கட்டுவது பற்றி 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. இப்படியொரு கூட்டத்தில் எழுப்பத் தகுந்த கேள்வி வெடிக்குமா என்பதைவிட வேறு: 40, 50 ஆண்டு கழித்து உலையை மூடி, அதன் பூலையும் இடித்த பிறகு ஒரு காஸ்க்கின் வளையம் தேய்ந்தால் எங்கே திறப்பீர்கள்? தண்ணீரும் இல்லை, கதிர்த்தடுப்பு அறையும் இல்லை என்றால் திறக்கவே வழியில்லை. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. வளாகத்திலேயே ஒரு தடுப்பு அறையை நிரந்தரமாகப் பராமரிக்கலாம். அல்லது தேய்ந்த மூடியைத் தொடாமல் அதன் மேல் மூன்றாவது மூடி ஒன்றைப் பற்றவைக்கலாம், சில நாடுகளின் உரிமங்களில் இது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது மிக மலிவு. ஆனால் அந்த மூடிக்கான உதடும் பற்றவைக்க இடமும் காஸ்க்கை வார்க்கும்போதே இருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.